மேடையோரம் வேண்டாமுங்க

திறந்தவெளி ராக் கச்சேரிக்குப் போய்விட்டு வருகிறவர்களிடம் "எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டால், கோயமுத்தூர்ப் பக்கம் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. "சவுண்டு பின்னி எடுத்துட்டாங்க. பாட்டுத்தான் ஒண்ணும் வெளங்கலைங்க." சொல்கிறவர் லேசுப்பட்ட ரசிகர் இல்லை. எழுபதுகளின் ராக் பாட்டுகளை வருசக்கணக்கில் ஹெட்போனில் கேட்டு, எந்த கிடார் சோலோ எந்த இடத்தில் மூச்சு விடும் என்பது வரை மனப்பாடமாக வைத்திருப்பவர். மைதானத்தில் அது எதுவும் அவர் காதுக்கு வந்து சேரவில்லை. உடனே பழி போட ஆள் தேடுகிறோம். பேண்டுக்கு வயசாகிவிட்டது, திறந்த மைதானம் என்றாலே அப்படித்தான், நம்ம ஊர் மைக் செட்டுக்காரர்களுக்கு ராக் தெரியாது. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் என்னை விடாமல் அரிப்பது வேறொரு சந்தேகம். அவர் நின்ற இடமே தப்பு. அந்த இடத்துக்குத்தான் அவர் எல்லோரையும்விட அதிகப் பணம் கொடுத்திருக்கிறார்.

டிக்கெட் விலை கண்ணை வைத்துப் போடப்படுகிறது. மேடைக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு விலை. முன்னால் கம்பித் தடுப்பை ஒட்டி 'ஃபேன் பிட்', அதற்குப் பின்னால் விஐபி நாற்காலிகள், அதற்கும் பின்னால் ஜெனரல். ஒலிக்கு இந்த வரிசை தெரியாது. அதைக் கேட்டால் ஜெனரல் பகுதியின் முன்பாதியைத்தான் முதல் வகுப்பு என்று சொல்லும். கோவை கொடிசியா மைதானமோ ஏதாவதொரு பொறியியல் கல்லூரியின் விளையாட்டுத் திடலோ, கணக்கு ஒன்றுதான்.

கம்பியைப் பிடித்து நின்றால் என்ன கேட்கும்

மேடையின் இரண்டு பக்கமும் ட்ரஸ் என்கிற உலோகச் சட்டத்தில் தொங்கும் பெட்டி வரிசையைக் கவனித்திருப்பீர்கள். மேலே நேராகத் தொடங்கி, கீழே வரவர உள்ளே வளையும். அதுதான் லைன் அரே. மேல் பெட்டிகள் கடைசி வரிசையைப் பார்க்கின்றன, நடுப் பெட்டிகள் நடுக் கூட்டத்தை, அடிப் பெட்டிகள் முன்கூட்டத்தை. ஆனால் மேடை விளிம்புக்கு நேர் முன்னால், இரண்டு வரிசைகளுக்கும் நடுவில், எந்தப் பெட்டியும் நேராகப் பார்க்காத ஒரு துண்டு மண் மிச்சமிருக்கும். ஃபேன் பிட் அந்தத் துண்டில்தான் இருக்கிறது. அதற்காக மேடை விளிம்பில் சின்னச் சின்னப் பெட்டிகளைப் படுக்க வைத்துப் பாடகரின் குரலை அனுப்ப வேண்டும். ஃப்ரண்ட் ஃபில் என்பார்கள். பட்ஜெட் இடிக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இதுதான். அது இல்லாத மேடையோரத்தில் டிரம்ஸ் நேராகக் கேட்கும், கிடாரின் ஒலிபெருக்கியான ஆம்ப் நேராகக் கேட்கும். குரல் மட்டும் பாடகர் தன் குரலைக் கேட்பதற்காக வைத்த மானிட்டர் பெட்டியின் முதுகுப் பக்கத்திலிருந்து மங்கலாகக் கசியும்.

கிடார் ஆம்ப்பிலும் ஒரு சிக்கல். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் நாலு வைத்த கேபினட், உயர் ஸ்வரங்களை டார்ச் வெளிச்சம் மாதிரி நேராக வீசும். அதன் நேர்கோட்டில் நிற்பவருக்குக் காது கிழியும். இரண்டடி தள்ளி நிற்பவருக்கு அதே கிடார் போர்வைக்குள்ளிருந்து கேட்கும். இளைய கவர் பேண்டுகள் பல இப்போது ஆம்ப்பே கொண்டுவருவதில்லை. ஆம்ப்பின் ஓசையைப் போலி செய்யும் மாடலர் பெட்டியிலிருந்து, எல்லா ஒலியையும் கலக்கும் மிக்சருக்கு நேராக ஒயர் போகிறது. அப்படியானால் மேடையோரத்தில் கிடார் சுத்தமாகவே கேட்காது, டிரம்ஸ் ஒன்றுதான் மிஞ்சும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு பேஸ் பாக்ஸ். மேல் வரிசை தொங்குகிறது. பேஸ் பாக்ஸ்களோ மேடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கின்றன, முன்வரிசைக்கு இரண்டு மீட்டர் தூரத்தில். ஓரிடத்திலிருந்து கிளம்பும் ஒலி, தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். இரண்டு மீட்டரிலிருந்து 32 மீட்டருக்குப் போக நாலு முறை இரட்டிக்க வேண்டும், ஆக 24 டெசிபல். தொங்கும் வரிசையில் இவ்வளவு வித்தியாசம் வராது. முன்னும் பின்னும் முடிந்தவரை ஒரே அளவாக இருக்கும்படிதான் அதன் வளைவையே அமைக்கிறார்கள். ஆகவே 32 மீட்டரில் குரலும் பேஸும் சரியான கலவையில் இருந்தால், கம்பியோரத்தில் பேஸ் அதைவிட எத்தனையோ மடங்கு தூக்கலாக இருந்தே தீரும். நெஞ்சு அதிருவது ஒரு சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் பேஸ் கிடார் என்ன ஸ்வரம் வாசிக்கிறது என்பது அங்கே தெரியாது.

பக்கவாட்டிலும் கணக்கு இருக்கிறது. மேடைக்கு இடமும் வலமுமாக 15 மீட்டர் இடைவெளியில் இரண்டு பேஸ் அடுக்குகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நடுக்கோட்டில் நிற்பவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து வலுக்கும். மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். நடுக்கோட்டிலிருந்து நாலு மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், ஓர் அடுக்கு உங்களுக்கு மற்றதைவிட ஏறக்குறைய 2.8 மீட்டர் தூரமாகிவிடும். 60 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 5.7 மீட்டர், அதில் பாதி கிட்டத்தட்ட அதே 2.8. ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போகும், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். காலால் அடிக்கும் கிக் டிரம்மின் அடிவயிறே காணாமல் போகும். ஒரே விலை கொடுத்து, பதிமூன்று அடி இடைவெளியில் நிற்கும் இரண்டு நண்பர்கள் மறுநாள் "பேஸ் ஓவர்", "பேஸே இல்லை" என்று சண்டை போட்டுக்கொள்வதற்குக் காரணம் இதுதான். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

அப்படியானால் எங்கே நிற்பது? மிக்சர் மேசையான கன்சோல் எங்கே இருக்கிறதோ அங்கே. கூட்டத்துக்கு நடுவில், மேடையிலிருந்து 25, 30 மீட்டரில், ஒரு சின்னப் பந்தலும் அதில் மிக்சரும் இரண்டு மூன்று பேரும் இருப்பார்கள். குரலை ஏற்றுவதா கிடாரை இறக்குவதா என்று அந்த இன்ஜினியர் எடுக்கும் ஒவ்வொரு முடிவும், அந்த இடத்தில் அவர் காதில் விழுவதை வைத்துத்தான். மற்ற இடங்களில் எப்படிக் கேட்கிறது என்பது அவருக்கு ஊகம். இரண்டு மூன்று பாட்டுக்கு ஒருமுறை ஐபேடைக் கையில் எடுத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடந்து கேட்பவர் என்றால் நல்ல இன்ஜினியர். நாற்காலியை விட்டு எழாதவர் என்றால் அவர் பக்கத்தில் போய் நின்றுகொள்வதே புத்தி. பந்தலுக்குப் பின்னால் நின்றால் துணியும் ஆட்களும் மறைக்கும். முன்னால் ஐந்து மீட்டர் நல்ல இடம். பேஸ் மிதமிஞ்சினால் இடமோ வலமோ மூன்று நாலு மீட்டர் நகர்ந்து பாருங்கள், உடனே தெரியும்.

இந்தப் பந்தல் ராக் கச்சேரியோடு கூடப் பிறந்ததில்லை. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் 55,000 பேருக்கு மேல் கூடியிருக்க வாசித்தபோது, மேடையில் இருந்தவை 100 வாட் ஆம்ப்கள். குரல் மைதானத்தின் அறிவிப்பு ஒலிபெருக்கிகள் வழியாகத்தான் போனது. அலறல் சத்தத்தில் பேண்டுக்கே தன் பாட்டு கேட்கவில்லை. 1974-இல் கிரேட்ஃபுல் டெட் குழு எதிர்த் திசையில் போனது. அறுநூறுக்கும் மேலான ஸ்பீக்கர்களைப் பேண்டின் முதுகுக்குப் பின்னால் சுவராக அடுக்கி, வாசிப்பவரும் கேட்பவரும் ஒரே ஒலியைக் கேட்கும்படி செய்தார்கள். ஏற்றி இறக்கும் செலவு தாங்காமல் அந்த வருசமே அந்தச் சுவர் கலைந்தது. நாம் இன்று பார்க்கும் தொங்கும் வளைவு வரிசை 1990-களில் பிரான்சின் எல்-அகூஸ்டிக்ஸ் நிறுவனத்திலிருந்து பரவியது. வரிசை எவ்வளவு உசத்தியானாலும், அதற்குக் கூட்டத்துக்குள் உட்கார்ந்து கேட்கும் ஒரு காது வேண்டியிருக்கிறது.

மாலை ஆறரைக்கு மேல்

சவுண்ட் செக் சாயங்காலம் நாலு மணிக்கு நடக்கும். கச்சேரி ஏழரைக்கு. நடுவில் மைதானத்தில் நடக்கிற மாற்றத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. பாதிக் கெடுதல் அங்கேதான் விளைகிறது என்பது என் கட்சி.

நாலு மணிக்கு மண் கொதிக்கிறது. தரையை ஒட்டிய காற்று சூடு, மேலே போகப்போகக் குளிர்ச்சி. சூடான காற்றில் ஒலி வேகமாகவும் குளிர்ந்த காற்றில் மெதுவாகவும் போகும். அதனால் தரையோரமாகப் புறப்பட்ட ஒலி வானத்தைப் பார்த்து வளைந்துவிடும். மைதானத்தின் கடைசியில் நிற்கும் செட்டுக்காரப் பையன் வாக்கி டாக்கியில் "பின்னாடி வரலைங்கண்ணா" என்பான். இன்ஜினியர் மேல் பெட்டிகளுக்கு இரண்டு மூன்று டெசிபல் ஏற்றிக் கொடுப்பார். அந்த நேரத்துக்கு அது சரியான முடிவு.

ஜனவரி, பிப்ரவரியில் ஆறேகாலையொட்டி வெயில் சாய்கிறது. வானம் தெளிவாக, காற்று அடங்கியிருந்தால், மண் தன் சூட்டைச் சரசரவென்று விடும். ஒரு மணி நேரத்தில் நிலைமை தலைகீழ். தரையோரக் காற்று குளிர்ந்து, மேலே சூடான காற்று மூடி போட்டதுபோல் நிற்கும். இப்போது ஒலி கீழே வளைகிறது. நாலு மணிக்குப் பின்வரிசைக்கே எட்டாத சத்தம், எட்டு மணிக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ள வீட்டு மாடியில் கேட்கிறது. பின்வரிசைக்காக ஏற்றிய இரண்டு மூன்று டெசிபலை இன்ஜினியர் திரும்ப இறக்கினாரா என்பதுதான் கேள்வி. இறக்கவில்லை என்றால் பின்பாதிக் கூட்டத்துக்குக் கரகரப்பு, அக்கம்பக்கத்துக்குத் தலைவலி, காவல் நிலையத்துக்குப் போன்.

அதே ஒரு மணி நேரத்தில் டிலே டவரும் தடம் மாறுகிறது. பெரிய மைதானத்தில் மேடையிலிருந்து 60 மீட்டர் தள்ளி இன்னொரு ஜோடிப் பெட்டி வைப்பார்கள். மேடை ஒலி அந்த தூரத்தைக் கடந்து வரும்வரை இந்தப் பெட்டியைக் காக்க வைக்க வேண்டும். 32 டிகிரியில் அந்தக் காத்திருப்பு 171 மில்லிசெகண்ட். 24 டிகிரிக்கு இறங்கினால் 173-ஐத் தாண்டும். இரண்டு மில்லிசெகண்ட் பெரிய விசயமா என்றால், ஸ்னேர் டிரம்மின் கூர்மை மழுங்கவும், சிம்பலில் ஒரு தகரக் குழாய் வாசம் ஏறவும் அது போதும். கவனமானவர்கள் கச்சேரிக்கு அரை மணி முன்னால் வெப்பநிலையைப் பார்த்து நேரத்தைத் திருத்துகிறார்கள். காக்க வைக்கும் அந்த டிலேயே போடவில்லை என்றாலோ, ஒவ்வொரு ஸ்னேர் அடியும் "டக்-டக்" என்று இரண்டாகக் கேட்கும். அப்படிக் கேட்டால் டவரை விட்டு மேடைப் பக்கம் இருபது மீட்டர் முன்னேறுங்கள்.

வாத்தியங்களுக்கும் இந்த நேரம் ஆகாது. குளிரும்போது கிடாரின் எஃகுத் தந்தி சுருங்கிச் சுருதி ஏறும். பழைய அனலாக் சின்தசைசர் என்றால் அதுவும் தன் போக்கில் நகரும். நம்ம ஊர் நோம்பியில், அதாவது கோயில் திருவிழாவில், தப்பட்டையை வைக்கோல் தீயில் காட்டித் தோலை முறுக்கேற்றுகிறார்கள், பனி இறங்கினால் தோல் தளரும் என்பதால். ராக் டிரம்மில் பிளாஸ்டிக் தோல், அதற்குப் பனி பொருட்டில்லை. அதனால் டிரம் நின்ற இடத்தில் நிற்க, தந்திகள் மட்டும் ஏறுகின்றன. முதல் பாட்டு முடிந்ததும் கிடார் டெக்னீசியன் ஓடிவந்து வேறு கிடாரைக் கொடுத்துவிட்டுப் போனால் அது பகட்டுக்காக இல்லை. ஒரே கிடாரோடு வந்த உள்ளூர் பேண்டுக்கு அந்த வசதி கிடையாது. இரண்டு பாட்டுக்கு நடுவில் அவர்கள் சுருதி சேர்க்கிற அரை நிமிசத்துக்கு "பாடுங்கடா" என்று கத்தாமல் இருக்கலாம்.

இன்னொன்று கூட்டம். சவுண்ட் செக் வெறும் மைதானத்தில் நடக்கிறது. ஐயாயிரம் பேர் வந்து நின்றதும் உடம்பும் துணியும் உயர் ஸ்வரங்களைக் குடிக்கின்றன. காற்றும் குடிக்கிறது. 30 டிகிரி வெப்பம், 70 சதவீதம் ஈரப்பதம் உள்ள காற்றில் 8,000 ஹெர்ட்ஸ் ஒலி 100 மீட்டருக்கு ஏறத்தாழ 6 டெசிபல் இழக்கும். 125 ஹெர்ட்ஸுக்கு அந்த இழப்பு இல்லையென்றே சொல்லலாம். தூரத்திலிருந்து கேட்டால் எந்தக் கச்சேரியும் வெறும் "தும் தும்" ஆகத் தேய்வது இதனால்தான். பெட்டிகளைத் தொங்கவிடாமல் மேடையின் இருபுறமும் தரையில் அடுக்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம், முதல் பத்து வரிசையின் தலைகளே பாட்டை மறித்துவிடும். உள்ளே நுழைந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அடிப்பெட்டி ஆள் உயரத்துக்கு நன்றாக மேலே தொங்குகிறதா? இல்லையென்றால் கன்சோல் பக்கம் போவதுகூட முழுப் பலன் தராது. கொஞ்சம் மேடான இடம் தேடுங்கள்.

காற்று வரும் திசை

பாலக்காட்டுக் கணவாய் நமக்குக் கொடுத்த வரம் காற்றாலை. திறந்தவெளிக் கச்சேரிக்கு அதுவே சாபம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வரும் காற்று, மலைத்தொடரின் அந்த இடைவெளியில் நெருக்கப்பட்டு, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று விசிறிக்கொண்டு போகிறது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறபோது டிரம்ஸின் ஹை-ஹாட் தட்டுச் சத்தம் எம்மாத்திரம். தரையில் மெதுவாகவும் உயரத்தில் வேகமாகவும் அடிக்கும் காற்று ஒலியை வளைக்கிறது. காற்றை எதிர்த்துப் போகும் ஒலி மேலேயும், காற்றோடு போகும் ஒலி கீழேயும் வளையும். அதனால் ஆடி மாதத்தில் கச்சேரி வைத்தே தீருவேன் என்கிறவர் மேடையை மைதானத்தின் மேற்கில் போட்டுக் கிழக்கே பார்த்து நிறுத்த வேண்டும். அந்தி வெயில் கூட்டத்தின் கண்ணில் அடிக்கும், அதற்காக ஏழு மணிக்கு மேல் தொடங்கினால் போதும். பல இடங்களில் வண்டி நிறுத்தத்துக்கும் கேட்டுக்கும் தோதாக மேடையின் திசையை முடிவு செய்கிறார்கள். குறுக்குக் காற்றில் கிடார் சத்தம் வந்து வந்து போகும். அதற்கு எந்த மிக்சரிலும் மருந்து கிடையாது.

காற்றின் ஆபத்து காதோடு நிற்பதில்லை. எல்இடி திரையும் பேனர் துணியும் பாய்மரமாக மாறும். 2011 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலக் கண்காட்சியில், புயற்காற்று அடித்து மேடைக் கூரை சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். ஏப்ரல், மே மாதக் கோடை மழைக்கு முன்னால் நம் ஊரில் அடிக்கிற சூறைக்காற்றும் லேசானதில்லை. வானம் கறுத்து, ட்ரஸ் கண்ணுக்குத் தெரிய ஆட ஆரம்பித்தால் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம். மேடையையும் டவரையும் விட்டுத் திறந்த பக்கமாக விலகுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சாயங்கால மழை உறுதி, அதனால் அந்தப் பேச்சே வேண்டாம். என்னைக் கேட்டால் தை பாதியிலிருந்து மாசி முடியும்வரைதான் இந்தச் சீமையில் திறந்தவெளி ராக்குக்கு உகந்த காலம். மேலே சொன்ன அந்தி மாற்றம் அப்போதுதான் அதிகம் என்றாலும், அதைச் சமாளிக்கிற வழியாவது நம் கையில் இருக்கிறது.

செட்டுக்காரர்கள் பற்றி

நோம்பிக்கு மைக் செட் போடுகிறவர்களை ராக் ரசிகர்கள் இளக்காரமாகப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. மழை, சேறு, ஏறி இறங்கும் மின்சாரம், விடிய விடிய நிகழ்ச்சி எல்லாவற்றையும் தாங்கி ஒரு செட்டை ஓட வைக்கிற சாமர்த்தியம் அவர்களுக்கு உண்டு. ஆனால் அவர்கள் காது சினிமாப் பாட்டுக்குப் பழகியது. அங்கே குரல்தான் ராஜா, மற்றதெல்லாம் பரிவாரம். ராக்கில் குரலும் கிடாரும் சரிக்குச் சரி மல்லுக்கு நிற்கும், அதுவும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒரே இடத்தில். குரல் தெளிவுக்காகக் கிடாரின் அந்தப் பகுதியை வெட்டிவிட்டால் மிஞ்சுவது தேனீ ரீங்காரம். குரலுக்குப் பழக்கதோசத்தில் எக்கோ ஏற்றினால், மைதானத்தைச் சுற்றியுள்ள கட்டடங்கள் கொடுக்கும் எக்கோவோடு சேர்ந்து வார்த்தைகள் கரைந்துவிடும். பெட்டி எத்தனை இறக்கினோம் என்பதில்தான் நோம்பியில் மதிப்பு. ராக்குக்குத் தேவை அடக்கி வைத்த மிச்சம். மெல்லிய அகூஸ்டிக் கிடாரில் தொடங்கி நாலு நிமிசம் கழித்து வெடிக்கிற பாட்டில், தொடக்கத்திலேயே, சத்தம் எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தால் வெடிப்பதற்கு இடமேது?

இதற்கு ஏற்பாட்டாளர் செய்யக்கூடியது எளிது. பேண்டின் பாட்டு தெரிந்த ஓர் இன்ஜினியரை, பேண்டே அழைத்து வருகிறவர் என்றால் இன்னும் நல்லது, செட்டுக்காரரின் கன்சோலில் உட்கார வையுங்கள். ஜெனரேட்டரை ஒலிக்கு ஒன்று, விளக்குக்கும் எல்இடி திரைக்கும் ஒன்று என்று பிரியுங்கள். ஒன்றிலேயே ஓட்டினால், தந்தியின் அதிர்வை வாங்கும் கிடார் பிக்கப் அந்த இரைச்சலையெல்லாம் வாங்கி "உம்ம்" என்று முனகும். பாட்டுக்கு நடுவிலான அமைதியில் அந்த முனகல் கேட்டால் காரணம் அங்கேதான். எர்த் விசயத்தில் விளையாட்டே கூடாது. 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்சியில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே மின்சாரம் பாய்ந்து இறந்தார். ஆம்ப்புக்கும் மிக்சருக்கும் எர்த் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகும் பலர் படித்துக்கொள்ளவில்லை.

பத்து மணியும் கூட்டமும்

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. கலை, சமய நிகழ்ச்சிகளுக்காக ஆண்டுக்கு 15 நாள் வரை நள்ளிரவு 12 மணிவரை அனுமதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அந்தச் சலுகையை நம்பி யாரும் திட்டம் போடக் கூடாது. மூத்த பேண்டுகள் தங்கள் பேர் வாங்கிய பாட்டுகளைக் கடைசி அரை மணி நேரத்துக்கு வைத்திருப்பார்கள். ஏழு மணிக் கச்சேரி வரவேற்புரையும் ஸ்பான்சர் மரியாதையும் முடிந்து எட்டுக்குத் தொடங்கினால் வெட்டுப்படுவது அந்த அரை மணிதான். பெங்களூருக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் 2003-லும் அயர்ன் மெய்டன் 2007-லும் வந்தபோது இங்கிருந்து ரயிலும் பஸ்ஸும் பிடித்துப் போனவர்கள் உண்டு. அப்படிக் காசும் லீவும் செலவழித்துப் போகும்போது, அனுமதி எத்தனை மணிவரை என்பதை டிக்கெட் வாங்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது.

கூட்டத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் அரசியல் கூட்ட நெரிசலில் 41 உயிர்கள் போயின. அது இசை நிகழ்ச்சி இல்லை, ஆனால் நெரிசலுக்கு அந்த வேறுபாடு தெரியாது. ராக்கின் வரலாற்றிலும் அப்படி ஒரு நாள் இருக்கிறது. 1979 டிசம்பர் 3, அமெரிக்காவின் சின்சினாட்டியில் 'தி ஹூ' பேண்டின் கச்சேரிக்கு இருக்கை எண் இல்லாத டிக்கெட் விற்றார்கள். முந்தினவருக்கு முன்னிடம் என்பதால் கூட்டம் கதவை முட்டிக்கொண்டு நின்றது, திறந்த கதவுகளோ சிலதான். உள்ளேயிருந்து கேட்ட இசையை வைத்துக் கச்சேரி தொடங்கிவிட்டது என்று நினைத்துப் பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். பதினோரு பேர் மூச்சு முட்டி இறந்தார்கள். ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் போனால் கூட்டம் தண்ணீராக மாறும், தனி ஆள் நினைத்த பக்கம் நகர முடியாது. உங்கள் கையை முகத்துக்குக் கொண்டுபோக முடியவில்லை என்றால் அந்த அளவு வந்துவிட்டது. அதற்கு முன்பே, பாட்டு ஓடும்போதே, கூட்டத்தை எதிர்க்காமல் சாய்வாக ஓரத்துக்கு நகருங்கள். நகர முடியாத நிலை வந்துவிட்டால் இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி, மூச்சு விட இடம் வைத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்த பொருளைக் குனிந்து எடுக்காதீர்கள். போன் சிக்னல் போய்விடும் என்பதால் சந்திக்கும் இடத்தை உள்ளே நுழையும்போதே பேசி வையுங்கள். அது வாசல் கேட்டாக இருக்கக் கூடாது, கேட்டிலிருந்து நூறு மீட்டர் தள்ளி ஒரு டீக்கடையாக இருக்கட்டும். கன்சோல் பக்கம் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே கூட்டம் பெரும்பாலும் மேடையோரத்தைவிடத் தளர்வாக இருக்கும்.

கடைசியாகக் காது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நியாஷின் கணக்கில் 85 டெசிபலுக்கு எட்டு மணி நேரம், அதன்பின் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்கு வகுத்த உச்ச வரம்பும் கால் மணி நேரச் சராசரியாக 100 டெசிபல். கச்சேரியோ இரண்டு மணி நேரம். மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பானே போதும், போடுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. விரலால் உருட்டி ஒல்லியாக்கி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, உப்பும்வரை அரை நிமிசம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதிக்கு மேல் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது காதில் இல்லை, காதோரத்தில் இருக்கிறது. நுரை, உயர் ஸ்வரத்தை அதிகமாகத் தின்னும் என்பதால் இசைக்காரர்கள் ஃபில்டர் வைத்த சிலிக்கான் அடைப்பான் வாங்குகிறார்கள். கிடாரின் நிறம் கெடாமல் சத்தம் மட்டும் குறையும். அடிக்கடி போகிறவர் வாங்கிக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்தபின் காதில் 'கொய்ங்' என்று இரைவது பெரும்பாலும் மறுநாளைக்குள் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் அந்த வாரமே காது மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது மட்டும் திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. விடிந்ததும் போய்விடுங்கள், அந்தச் சிகிச்சை தொடக்க நாட்களில்தான் நன்றாக வேலை செய்யும்.